மாட்டுக்குப் பல்லு... டயருக்குப் பக்கச்சுவர்!

சந்தைக்கு மாடு வாங்கப் போகும் சம்சாரி, விலையை முதலில் கேட்க மாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். அதன் பிறகுதான் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். அதே சம்சாரி பிக்கப் வண்டிக்கு டயர் வாங்கப் போனால், கடை வாசலில் நின்று கேட்கும் முதல் கேள்வி, 'ஒரு ஜோடி என்ன விலை?' என்பதுதான்.

டயருக்கும் பல் உண்டு. வயது, வலு, எவ்வளவு பாரம் தாங்கும் என்பதெல்லாம் அதன் பக்கச்சுவரிலேயே அச்சாகி இருக்கிறது. கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. குனிந்து படித்தால் போதும்.

இதைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, திருமூர்த்தி மலை அடிவாரத்தில் தக்காளியும் சின்ன வெங்காயமும் போடும் விவசாயி. சொந்த நிலம் மூன்று ஏக்கர். பழைய பிக்கப் ஒன்று வைத்திருக்கிறார். தன் காய் போக, அக்கம் பக்கத்துக் காட்டுக் காயையும் வாடகைக்கு ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவார். விளைச்சல் கைவிட்ட வருஷங்களில் அந்த வண்டிதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

போன கோடையில், விடியற்காலை லோடோடு போகும்போது பின்பக்க இடது டயர் வெடித்தது. நல்லவேளையாக வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் அடி இல்லை. ஸ்டெப்னியைக் கழற்றினால் அதில் காற்று இல்லை. பஞ்சர் கடை திறக்கக் காத்திருந்து சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்திருந்தது. தக்காளி காத்திருக்குமா? கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு மாற்று டயர் ஒன்றைப் போட்டு ஓட்டினார். இந்தப் பட்டத்துக்கு நாலு டயரும் மொட்டை. அறுவடைக்கு மூன்று வாரம் இருந்தது. தெரிந்த பழைய டயர் வியாபாரி ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணா, ஒரு ஜீப்புல இருந்து கழட்டினது. உங்க வண்டி அளவேதான். பட்டன் அப்படியே இருக்குது. புதுசுல பாதி விலைகூட வராது."

போய்ப் பார்த்தார். அளவு 215/75 ஆர் 15. தன் வண்டியில் இருப்பதும் அதேதான். பட்டன் முக்கால்வாசி இருந்தது. முன்பணம் கொடுக்கும் யோசனையோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க, அந்த வண்டியில காய் மட்டும்தான் போகுதுங்களா?"

அறுவடை நாள்களில் பொழுது சாய்ந்த பிறகு, காய் பறிக்க வந்த பத்துப் பன்னிரண்டு பெண்களை அதே வண்டியின் பின்னால் ஏற்றித்தான் ஊரில் இறக்கிவிடுவார்கள். டயர் வெடித்ததற்கு முந்தின நாள் சாயங்காலமும் அவர்கள் அதில்தான் வந்தார்கள். மனைவியும் அவர்களோடு உட்கார்ந்து வந்திருந்தார். அந்தக் கேள்விக்குப் பிறகு முன்பணம் பையிலேயே இருந்துவிட்டது.

பழைய டயர் சொல்லும் சேதி

மண்ணைப் பரிசோதிக்காமல் உரம் போடக் கூடாது என்று சொல்வார்கள். அதேபோல, பழைய டயரைப் படிக்காமல் புது டயர் வாங்கக் கூடாது. தேய்ந்த டயர், வண்டியின் நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், காற்று தேவைக்கு மேல் இருந்திருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால், காற்றுக் குறைவாகவோ பாரம் அதிகமாகவோ ஓடியிருக்கிறது. ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரம் நேராக நிற்கவில்லை. வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால், வீல் பேலன்ஸிங், ஷாக் அப்சார்பர், பேரிங் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

அவருடைய வண்டியில் முன் டயர் இரண்டிலும் ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்து கம்பி தெரிய ஆரம்பித்திருந்தது. பின் டயர்களில் இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தன. அதாவது, முன்னால் அலைன்மென்ட் கோளாறு. பின்னால் காற்றுக் குறைவு அல்லது பாரம் அதிகம். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த டயர் போட்டாலும், அதுவும் இதே வழியில்தான் தேயும். "நோய் இருக்குற வயல்லயே மறுபடியும் நாத்து நட்ட கதைதாங்க" என்கிறார் அவர்.

டயர் எப்போது முடிந்தது என்பதற்கும் அடையாளம் உண்டு. பட்டன்களுக்கு இடையே ஓடும் பள்ளத்துக்குள் சிறு சிறு மேடுகள் இருக்கும். அந்த மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரம். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். மழையில் ஓடும் வண்டியாக இருந்தால், அந்த அளவு வரும் முன்பே மாற்றிவிடுவது நல்லது. ரோட்டில் நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான்.

எடை மேடையில் தெரிந்த உண்மை

அடுத்த சந்தை நாளில் லோடோடு எடை மேடைக்கு வண்டியை விட்டார். முதலில் முழு வண்டியையும் நிறுத்தினார். பிறகு முன் சக்கரங்களைக் கீழே இறக்கிவிட்டு, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தினார். டயர் வாங்கும் எவரும் ஒருமுறை செய்ய வேண்டிய வேலை இது.

அன்றைக்கு ஏற்றியிருந்தது 100 பெட்டி தக்காளி. உடுமலைப் பக்கம் பெட்டிக்கு 14 கிலோ கணக்கு. 1,400 கிலோதானே, வண்டி தாங்கும் அளவு 1,300 என்றாலும் நூறு கிலோ கூடினால் என்ன ஆகிவிடும் என்பது அவருடைய எண்ணம். பெட்டியின் எடையை அதுவரை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை. காலிப் பெட்டி ஒன்றரை கிலோ என்றால், நூறு பெட்டிக்கு 150 கிலோ. ஆக மொத்தம் 1,550 கிலோ. பின் சக்கரங்கள் மேல் மட்டும் ஏறி நின்ற எடை சுமார் 2,180 கிலோ. ஒரு டயருக்கு 1,090 கிலோ.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த ஜீப் டயரை மறுபடியும் பார்க்கப் போனார். அளவுக்குப் பக்கத்திலேயே '100 எஸ்' என்று அச்சாகியிருந்தது. 100 என்பது பாரக் குறியீடு. எடை கிலோவில் நேரடியாக எழுதப்படுவதில்லை. 100 என்றால் ஒரு டயர் தாங்கும் அதிகபட்ச எடை 800 கிலோ. 106 என்றால் 950 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ. 116 என்றால் 1,250 கிலோ. எண்ணுக்கு அடுத்த எழுத்து வேகத்துக்கானது. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை.

அந்த டயர் 180 கிலோமீட்டர் வேகத்தில் ஆட்களை ஏற்றிப் பறக்கச் செய்தது. தக்காளிப் பாரம் சுமக்கச் செய்ததில்லை. 800 கிலோ தாங்கும் டயர் மேல் 1,090 கிலோ. அளவு ஒன்றாக இருப்பதால் ரிம்மில் அழகாக உட்கார்ந்துவிடும். பார்க்கப் புதுசு மாதிரியும் இருக்கும். பாரம் ஏறியதும் பக்கச்சுவர் பிதுங்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து மடிந்து நிமிரும், சூடேறும். வெயில் காலத்துத் தார் ரோட்டில் அந்தச் சூடு கூடிக்கொண்டே போய் ஒரு நாள் வெடிக்கும்.

'அளவு சரியாக இருக்கிறது' என்பது பாதிப் பதில்தான். அதே அளவில் ஜீப்புக்கும் டயர் வருகிறது, சரக்கு வண்டிக்கும் டயர் வருகிறது. வண்டியோடு கம்பெனி போட்டுக் கொடுத்த டயரில் என்ன பாரக் குறியீடு இருந்ததோ, அதிலிருந்து ஒரு புள்ளிகூடக் குறையக் கூடாது.

பக்கச்சுவரில் படிக்க வேண்டியவை

அளவு: 215/75 ஆர் 15 என்றால், டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவிகிதம். ஆர் என்பது ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். சில வண்டிகளுக்கு 7.00 ஆர் 15 என்று இருக்கும், அதில் 7.00 என்பது அங்குலக் கணக்கில் அகலம். அளவைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றினால், ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகம் மாறும், டயர் மட்கார்டில் உரசவும் செய்யும்.

எல்.டி.: இலகு ரக சரக்கு வண்டிக்கானது என்பதன் அடையாளம்.

பி.ஆர்.: 8 பி.ஆர்., 10 பி.ஆர். என்று இருக்கும். உள்ளே எட்டு அடுக்கு, பத்து அடுக்கு இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்தக் காலத்தில் அத்தனை அடுக்கு நூல் போட்டால் என்ன வலுவோ, அந்த வலு என்று பொருள்.

வயது: ஒரு சிறு கட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 3224 என்றால் 2024-ம் வருஷத்தின் 32-வது வாரத்தில் தயாரானது. இதுதான் டயரின் பல். ஓடாமல் கடையில் கிடந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும், இறுகும், நுண்ணிய விரிசல் விடும். ஐந்து வருஷம் தாண்டிய டயரை வருஷத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும், பத்து வருஷம் ஆனதைப் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

டியூப்: டியூப் உள்ளதா, டியூப்லெஸ்ஸா என்பதும் அச்சிலேயே இருக்கும். டியூப்லெஸ் போட ரிம்மும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். டியூப் டயர் என்றால், புது டயருக்குப் புது டியூபும் புது ஃப்ளாப்பும் போட வேண்டும். ஓடி ஓடி விரிந்துபோன பழைய டியூப், புது டயருக்குள் மடிப்பு விழுந்து அந்த இடத்தில் கிழியும். டியூப்லெஸ் என்றால் வால்வைப் புதிதாக மாற்ற வேண்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை: இந்தியாவில் விற்கும் புது டயருக்கு இது கட்டாயம்.

நம் பாதைக்கு எந்த டயர்?

அவருடைய மகள் ஒரு பழைய நோட்டில் பதினைந்து நாள் ஓட்டத்தை எழுதி வைத்தாள். காட்டிலிருந்து பி.ஏ.பி. வாய்க்கால் கரை வரை ஒன்றரை கிலோமீட்டர் மண் தடம். அதற்குப் பிறகு சந்தை வரை இருபது கிலோமீட்டருக்கு மேல் தார் ரோடு. 'நம்மது காட்டு வண்டி, முரட்டுப் பட்டன் டயர்தான் சரி' என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த குடும்பம், வண்டியின் ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தாரில்தான் என்பதை அந்த நோட்டில்தான் பார்த்தது.

பெரிய பட்டன் உள்ள டயர் சேற்றில் பிடித்து ஏறும். ஆனால் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும், இரையும், டீசலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். நீளவாக்கில் கோடு ஓடும் ரிப் டயர் தாருக்கு ஏற்றது. ஸ்டியரிங்குக்குச் சொன்னபடி கேட்கும். செங்கல் சூளை, கல் குவாரி, எந்நேரமும் சேறு என்று ஓடும் வண்டிக்குப் பட்டன் டயர் நியாயம். மண் தடமும் தாரும் கலந்து ஓடுபவர்கள் முன்னால் ரிப்பும், இழுக்கும் சக்கரமான பின்னால் நடுத்தரப் பட்டனும் போடலாம்.

'நைலான்' என்று கடையில் சொல்லும் டயருக்கும் ரேடியலுக்கும் இதே கணக்குதான். நைலானில் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பக்கச்சுவர் முரடு, கல்லுக்கும் முள்ளுக்கும் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் தாரில் நீண்ட தூரம் ஓடினால் அதிகம் சூடாகும், சீக்கிரம் தேயும். ரேடியலில் தரையில் படும் பகுதிக்குக் கீழே இரும்புக் கம்பிப் பட்டை இருக்கிறது; குளிர்ச்சியாக ஓடும், அதிக நாள் வரும். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் என்று எந்தக் காரணம் கொண்டும் போடக் கூடாது. வளைவில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பழசு வாங்கினால் என்ன தப்பு?

கையில் காசு இல்லாதபோது பழைய டயர் கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஆனால் மொட்டை டயரைச் சூடான கத்தியால் கீறி, பள்ளம் எடுத்து, கறுப்புப் பாலிஷ் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க வழி உண்டு. பள்ளத்துக்குள் இருக்க வேண்டிய அந்தச் சிறு மேடுகளைத் தேடிப் பாருங்கள். அவை இல்லை என்றாலோ, பள்ளத்தின் அடி கோணல் மாணலாக இருந்தாலோ, அது கீறின டயர். உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் ஒட்டுப் போட்ட இடம் தட்டுப்படும்.

ரீட்ரேட் டயர் வேறு. நல்ல பட்டறையில், நல்ல கூடு உள்ள டயருக்கு மேல் ரப்பர் மட்டும் மாற்றுவது லாரித் தொழிலில் வழக்கமானதுதான். ஆனால் அதை முன் சக்கரத்தில் போடக் கூடாது. பின்னால் வெடித்தால் வண்டி ஆடும். முன்னால் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டே போய்விடும்.

விலையைக் கிலோமீட்டருக்கு வகுத்துப் பார்ப்பதும் நல்லது. ஒரு கணக்குக்காக, 8,000 ரூபாய் டயர் 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 20 பைசா. 4,000 ரூபாய் பழைய டயர் 12,000 கிலோமீட்டர் ஓடினால் 33 பைசா. இதில் ஏலம் தவறிய தக்காளியின் நஷ்டம் சேரவில்லை. உயிருக்கு விலை போடவும் முடியாது.

புது டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. டிராக்டர் டயருக்கு 18-லிருந்து 5. அந்தச் சலுகை நம் விலையில் இருக்கிறதா என்று பார்க்கவும், பின்னால் வாரன்டி கேட்கவும் பில் வேண்டும். பில் இல்லாமல் வாங்கும் டயருக்கு வாரன்டி பேச வாயில்லை.

முதலில் இரண்டு... பிறகு இரண்டு

நாலும் ஒரே நேரத்தில் வாங்க அந்தக் குடும்பத்திடம் பணம் இல்லை. சீட்டு எடுக்கவும் மனைவி சம்மதிக்கவில்லை. ஆகவே வேலைகளை வரிசைப்படுத்தினார்கள். முதலில் அலைன்மென்ட், அதற்கு ஆன செலவு ஒரு டயர் விலையில் சிறு பங்குதான். அடுத்து, சரக்கு வண்டிக்கான ரேடியல் இரண்டு, ஒரே கம்பெனி, ஒரே பட்டன்.

இரண்டு மட்டும் வாங்கினால் எங்கே போடுவது? புது ஜோடி பின்னால் என்றே பெரும்பாலான டயர் கம்பெனிகள் சொல்கின்றன. ஈர ரோட்டில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிக்கொள்ளும். ஆனால் முன்னால் இருக்கும் ஜோடியும் குறையில்லாததாக இருந்தால்தான் இந்த யோசனை. இவர் வண்டியிலோ முன் டயர்களில் கம்பியே தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு நடைகூட ஓட்டக் கூடாது. அதனால் முதல் ஜோடி முன்னால் போனது. பின்னால் இருந்தவையும் மொட்டைதான் என்பதால், அடுத்த ஜோடி வரும்வரை வண்டியைக் கொட்டகையிலேயே நிறுத்திவிட்டார். முதல் இரண்டு பறிப்புக் காய் பக்கத்துக் காட்டுக்காரர் வண்டியில் வாடகைக்குப் போனது. அந்தக் காசு வந்ததும் பின் டயர் இரண்டையும் வாங்கிப் போட்ட பிறகுதான் வண்டி ரோட்டுக்கு வந்தது. கழற்றினதில் ஒன்றைக்கூட ஸ்டெப்னியாக வைக்கவில்லை. அதற்கு நல்லதாக ஒரு டயர் தனியாக ஏற்பாடானது.

இப்போது அவர் ஏற்றுவது 80 பெட்டிதான். பெட்டி எடையோடு 1,240 கிலோ. "இருபது பொட்டி கொறஞ்சா வாடகை கொறையுதுங்க, வாஸ்தவம்தான். ஆனா பிரேக்கு, பட்டை, டயர் எல்லாம் சேர்த்துப் பார்த்தா கையைக் கடிக்கலீங்க" என்கிறார். வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன், காற்று பிடிக்கிறார். எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கிறது. லோடுக்கு ஓர் அளவு, காலி வண்டிக்கு ஓர் அளவு. பஞ்சர் கடைக்காரர் கண்மதிப்பில் வைக்கும் அளவு அல்ல.

இன்னொன்றும் மாறியது. சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தப்பு. விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். பறிப்பை அரை மணி நேரம் முன்னால் முடித்து, பெண்கள் ஆறு மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்கும்படி மனைவி ஏற்பாடு செய்துவிட்டார். தமிழ்நாட்டில் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "டயரு எவ்வளவு நல்லதா இருந்தாலும், அதுக்கு மேல உக்கார வெக்கிறதுக்கு ஆளுங்க மூட்டை இல்லீங்க" என்கிறார் அவர்.

மகளின் நோட்டு இப்போது வண்டியின் டேஷ்போர்டில் இருக்கிறது. டயரின் நாலு இலக்க எண், மாட்டிய தேதி, அன்றைய கிலோமீட்டர் எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. ஓட்டம் பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகும்போது டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட வேண்டும் என்று கடைசி வரியில் எழுதி, அடிக்கோடு போட்டிருக்கிறாள்.